நோயாளியின் பொழுதும் பழைய தொலைக்காட்சியும்

‘பொழுதுபோக்கு’ என்னும் சொல் நமது விமர்சன எழுத்துக்களிலே நெடுங்காலமாக ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகின்றது. ஒரு நாவலைத் தாழ்த்த வேண்டுமாயின் அது வெறும் பொழுதுபோக்கு நாவல் என்கிறோம். ஒரு திரைப்படத்தை ஒதுக்க வேண்டுமாயின் அது பொழுதைப் போக்குவதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்று எழுதி முடித்துவிடுகிறோம். இதற்கு நியாயம் இல்லாமலில்லை. சந்தைக்கென்றே உற்பத்தி செய்யப்படும் கலைப்பண்டம் மக்களின் சிந்தனையை மழுங்கச் செய்கின்றது என்பதை நாம் மறுக்கவும் இல்லை. ஆயினும் இச்சொல்லை நாம் கையாளும் முறையிலே ஓர் ஊகம் மறைந்து கிடக்கின்றது. பொழுது என்பது எவருக்கும் அரிதான செல்வம். அதனைப் போக்குபவன் அதனை வீணாக்குபவன் என்பதே அவ்வூகம். பகல் முழுவதும் உழைத்து மாலையில் வீடு திரும்பும் மனிதனை மனத்திற் கொண்டு உருவான கோட்பாடு இது. உழைக்க இயலாது, எழுந்து நிற்கவும் இயலாது, பொழுதைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவனாய் மாதக்கணக்கிலே மல்லாந்து கிடப்பவனைப் பற்றி இக்கோட்பாடு என்ன கூறும்?

இவ்வினாவை நாம் நூல்களிலிருந்து பெறவில்லை. முள்ளந்தண்டிலே காசநோய் கண்டு பதினொரு மாதம் படுக்கையிற் கழித்தவர் நாம். அவற்றுள் முதல் ஆறு வாரங்கள் வைத்தியசாலையிலும் எஞ்சியவை வீட்டிலுமாகக் கழிந்தன. நோயின் வரலாற்றை இங்கு விரிப்பது நோக்கமன்று. காலையில் வெறும் வயிற்றிலே குளிசைகள், அவற்றுள் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், இடுப்பிலே கவசம், கனத்த நூலொன்றை நெஞ்சின் மீது நிமிர்த்திப் பிடிக்கவும் கைக்குப் பலம் போதாமை. இவ்வளவு கூறினாற் போதுமானது. வாசிப்பையே தொழிலாகவும் இன்பமாகவும் கொண்டிருந்த எமக்கு அந்நாட்களிலே வாசிப்பு இயலாததாயிற்று. கைத்தொலைபேசியிலும், மருமகன் ஒருவர் ‘பென் ட்ரைவ்’ ஒன்றிலே நிரப்பித் தந்தவற்றிலுமாகப் பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தோம். ‘கொலம்போ’, ‘மாஷ்’, ‘மால்குடி டேய்ஸ்’ ஆகிய மூன்றுமே அதிகம் பார்த்தவை. இவற்றைப் பார்த்தது பற்றிப் பின்னர் நண்பர் சிலரிடம் கூறியபோது, அவர்கள் ஒருவகை இரக்கத்தோடு சிரித்தனர். தோல்ஸ்தோயை வாசிக்கக் கிடைத்த பதினொரு மாதத்தை இப்படிக் கரைத்தீர்களே என்பது அச்சிரிப்பின் பொருள். அதற்கு விடையாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

முதலிலே ஒரு தடையை நீக்கிவிடுவோம். பழைய தொடர்களைப் பார்ப்பது இறந்தகால ஏக்கத்தின் பாற்பட்டது என்பர். அமெரிக்காவிலோ தமிழ்நாட்டிலோ இக்கூற்று பொருந்தலாம். 1990ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் மின்சாரமே இல்லாதிருந்த யாழ்ப்பாணத்திலே பிள்ளைப்பருவத்தைக் கழித்த எம் போன்றோருக்கு இது பொருந்தாது. சிமினி விளக்கின் முன் அரிவரி படித்தவருக்கு ஏங்குவதற்கென ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கவில்லை. உலகம் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்து முடித்ததை நாம் முதன்முறையாகப் பார்த்தோம். பழையது எமக்குப் புதியது. ஆகவே இனிய நினைவு கண்ணை மறைத்தது என்று எவரும் எம்மீது குற்றஞ்சாட்ட முடியாது.

நோயும் கலையும் பற்றி மேனாட்டார் எழுதியவற்றுள் இரண்டினை இங்கு குறிப்பிடல் வேண்டும். 1926இலே வேர்ஜினியா வுல்ஃப் எழுதிய சிறு கட்டுரையொன்று, காதலையும் போரையும் போல நோயும் ஏன் இலக்கியத்தின் பெரும்பொருள்களுள் ஒன்றாகவில்லை என்று வினவுகின்றது. நோயாளியின் வாசிப்பு ஆரோக்கியமானவனின் வாசிப்பினின்றும் வேறானது, நீண்ட உரைநடையின் பாரத்தை அவன் தாங்கான் என்று அவர் கூறுவது கூர்மையான அவதானிப்பு. படுக்கையிற் கிடந்த எவரும் இதனை ஒப்புவர். அவர் வீட்டிலே சமைப்பதற்கும் சுமப்பதற்கும் வேலையாட்கள் இருந்தனர் என்பதும் உண்மையே. ஆனால் அதனாலே அவதானிப்புப் பொய்யாகிவிடாது. மற்றையது தோமஸ் மான் 1924இலே வெளியிட்ட ‘மாய மலை’ நாவல். காசநோய்ச் சுகநிலையமொன்றிலே மூன்று வாரம் தங்கவந்த இளைஞன் ஏழாண்டு தங்கிவிடுகின்றான். ஒரே மாதிரியான வெறும்பொழுது நகரும்போது நீண்டும், நினைவிலே சுருங்கியும் தோன்றும் என்னும் உண்மையை இந்நாவலைப் போல ஆராய்ந்த இலக்கியம் வேறில்லை எனலாம். நாவலின் பிற்பகுதியிலே அச்சுகநிலையத்துக்கு ஒரு கிராமபோன் பெட்டி வந்து சேர்கின்றது. கதாநாயகன் அதனைத் தன் பொறுப்பிலே எடுத்துக்கொண்டு, இரவு நெடுநேரம் தனித்திருந்து இசைத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றான். எமது ‘பென் ட்ரைவ்’வின் மூதாதை அதுவே. நாவலாசிரியர் அதனைப் பழிக்கவில்லை; முழு அத்தியாயம் ஒன்றை அதற்கென ஒதுக்கினார். ஒலித்தட்டிலே அடைக்கப்பட்ட பழைய பாடல் சாவை எதிர்நோக்கியிருக்கும் மனிதனுக்கு எதனைச் செய்கின்றது என்று அவர் பொறுமையோடு ஆராய்ந்தார். நமது விமர்சகர் தொலைக்காட்சி விடயத்திலே காட்டாத பொறுமை அது.

இனி, நோயும் தொலைக்காட்சியும் நேரடியாகச் சந்தித்த பெயர்பெற்ற வழக்கு ஒன்றுண்டு. நமது பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களிலே ‘சிரிப்பே சிறந்த மருந்து’ என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது வெளிவரும் துணுக்குகளுக்கெல்லாம் மூலம் பெரும்பாலும் அதுவே. நோர்மன் கசின்ஸ் அமெரிக்காவின் ‘சற்றர்டே ரிவியூ’ இதழின் ஆசிரியர். 1964இலே சோவியத் நாட்டுக்குச் சென்று திரும்பியபின் அவர் நோயுற்றார். மூட்டுக்களையும் முள்ளந்தண்டையும் பற்றிய கடும்நோய் என்றும், பூரண சுகம் அரிது என்றும் கூறப்பட்டது. அவர் வைத்தியசாலையை விட்டு நீங்கி ஹோட்டல் அறையொன்றிலே தங்கினார். ‘கண்டிட் கமரா’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பழைய பகுதிகளையும் மார்க்ஸ் சகோதரர்களின் படங்களையும் தருவித்துத் திரையிட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணிநேரம் நோவின்றித் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1976இலே மருத்துவச் சஞ்சிகையொன்றிலும், 1979இலே நூலாகவும் வெளிவந்த இவ்வரலாறு உலகப் புகழ் பெற்றது. சிரிப்பாலும், கூடவே ஊசிமூலம் ஏற்றிய உயிர்ச்சத்து ‘சி’யாலும் நோய் நீங்கிற்றா, அன்றி நோய் தானாகவே தணிந்ததா என்று ஐயுற்ற வைத்தியர் பலர். அவ்வழக்கைத் தீர்ப்பது எமது வேலையன்று.

எமது அக்கறை வேறு. கசின்ஸின் நூலை ஊன்றிப் படிப்பவர் அதிலே சிரிப்பைவிட முக்கியமான ஒன்றைக் காண்பர். ஒரே நாளிலே நான்கு பிரிவினர் தனித்தனியே வந்து இரத்தம் எடுத்த வைத்தியசாலை ஒழுங்கினை அவர் மறுத்தார். தூங்கும்போது எழுப்பப்படாத உரிமையை, விரும்பியதைப் பார்க்கும் உரிமையை, தன் பொழுதின்மீது தனக்கே உள்ள உரிமையை அவர் பெற்றார். நண்பரான வைத்தியர் ஒருவர் அவருக்கு உடன்பட்டார். திரையிடும் இயந்திரத்தை இயக்கத் தாதி இருந்தார். ஹோட்டற் செலவு வைத்தியசாலைச் செலவிலும் குறைவு என்று கணக்கிட்டுக் கூறுமளவுக்குப் பணமும் இருந்தது. அவர் வாங்கியது சிரிப்பையன்று, பொழுதின் உடைமையை. இதனை மறைத்துவிட்டுச் சிரிப்பை மட்டும் மருந்தென விற்பது மோசடி. சிரிக்காத ஏழை நோயாளி தன் நோய்க்குத் தானே பொறுப்பு என்ற முடிவிலேயே அது சென்று முடியும். இன்னொன்றையுஞ் சொல்ல வேண்டும். மறைத்துவைத்த கமராவின் முன்னே சாதாரண மனிதர் ஏமாந்து திகைப்பதைக் காட்டிச் சிரிப்பூட்டுவதே ‘கண்டிட் கமரா’. தெருவிலே போகும் ஒருவனின் வெட்கத்தைப் பிழிந்து எடுத்த மருந்து அது. நாமும் அதிலே சில பகுதிகளைப் பார்த்தோம். இரண்டாம் நாளே நிறுத்திவிட்டோம். நாள்தோறும் அந்நியர் முன்னிலையிலே உடையவிழ்த்து, உதவியின்றிச் சிறுநீர் கழிக்கவும் இயலாது கிடப்பவனுக்கு, பிறனொருவன் அசடாவதைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை.

‘கொலம்போ’ அவ்வாறானதன்று. (பெயரைக் கேட்ட எம் அயல்வீட்டு ஆச்சி, கொழும்புக் கதையோ என்று கேட்டார்.) 1968இலே முதற்படமாக வெளிவந்து, 1971 முதல் 1978 வரை தொடராக ஒளிபரப்பாகி, 1989இலே மீண்டும் தொடங்கி 2003 வரை நீடித்த இத்தொடரிலே மொத்தம் 69 கதைகள் உள. றிச்சட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்னும் இருவரின் படைப்பு. ஆரம்பக் கதைகளுள் ஒன்றை இயக்கியவர், பின்னர் பெரும்புகழ் பெற்ற ஸ்ரீவன் ஸ்பீல்பேக். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் லெப்டினன்ட் கொலம்போவாக நடித்த பீற்றர் போல்க் சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். அந்தச் சரிந்த பார்வையும், கசங்கிய மழைக்கோட்டும், பழைய பேஜோ காரும் சேர்ந்தே பாத்திரமாயின. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலிலே வரும் விசாரணையாளன் போர்ஃபிரியே இப்பாத்திரத்தின் மூலம் என்பதை ஆக்கியோரே கூறியுள்ளனர். தோல்ஸ்தோயை வாசிக்கவில்லையே என்று வருந்திய நண்பர்கள், இன்னொரு வாயிலால் ரஷ்ய நாவல் எமது படுக்கையறைக்குள்ளே வந்ததனை அறியார்.

இத்தொடரின் வடிவம் நோயாளிக்கென்றே அமைந்தது போன்றது. கொலைகாரன் யார் என்பது முதற் காட்சிகளிலேயே காட்டப்பட்டுவிடுகின்றது. எவன் செய்தான் என்ற மர்மம் இல்லை. எவ்வாறு பிடிபடுவான் என்பதொன்றே வினா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒஸ்ரின் ஃப்றீமன் என்னும் ஆங்கிலேயர் துப்பறியுங் கதையிலே கையாண்ட முறை இது. ஆரோக்கியமானவன் மர்மத்தை விரும்புகின்றான். அவன் வாழ்விலே நாளை என்ன நடக்கும் என்பது ஓரளவு நிச்சயமாக இருப்பதனால், நிச்சயமின்மையை அவன் கலையிலே தேடுகின்றான். அடுத்த எக்ஸ்றே படம் என்ன கூறும் என்று தெரியாதவனுக்கு மர்மம் வேண்டியதில்லை. அது அவனிடம் மிகையாகவே உண்டு. கதையின் நடுவிலே குளிசையின் மயக்கத்தால் நாம் தூங்கிப்போனோம்; விழித்தபோது எதனையும் இழந்துவிடவில்லை. குற்றவாளி இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருந்தான், கொலம்போ வாசல்வரை சென்று, இன்னுமொரு சிறு விடயம் என்று திரும்பிக்கொண்டிருந்தான்.

வடிவத்தோடு நின்றுவிட முடியாது. இத்தொடரின் வர்க்க உள்ளடக்கமே அதன் உயிர். கொலைகாரர் ஏறக்குறைய எப்பொழுதும் செல்வர்: சத்திர சிகிச்சை நிபுணர், வழக்கறிஞர், இசை நடத்துநர், அரசியல்வாதி, நூலாசிரியர். அவர்களுடைய மாளிகைக்குள்ளே மலிவுச் சுருட்டோடு ஒரு சம்பளக்காரன் நுழைகின்றான். அவர்கள் அவனை மதிப்பதில்லை. அவன் சப்பாத்தைப் பார்த்தே அவன் அறிவை அளந்துவிடுகின்றனர். அந்த அளவீடே அவர்களைக் கவிழ்க்கின்றது. 1972இலே வெளிவந்த கதையொன்றிலே, இசை நடத்துநரின் வீட்டிலே நின்று அவ்வீட்டின் பெறுமதியையும் தன் ஆண்டுச் சம்பளத்தையும் கொலம்போ வாய்விட்டுக் கணக்குப் பார்க்கின்றான். துப்பறியுங் கதைகளிலே சம்பளக் கணக்கு வருவது அருமை. ஷேர்லொக் ஹோம்ஸின் வாடகைக்கு எவ்வளவு என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

இதனை வைத்துக்கொண்டு ‘கொலம்போ’ உழைக்கும் வர்க்கத்தின் காவியம் என்று கூறப்புகின் அது பேதைமை. செல்வன் பிடிபடுகின்றான், செல்வம் பிடிபடுவதில்லை. கொலைகாரன் போனபின்னும் மாளிகை நின்ற இடத்திலே நிற்கும். 1965இலே வாற்ஸ் பகுதியிலே கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்தது இதே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேதான். அவர்களின் கோபத்துக்கு இலக்கானது இதே பொலிஸ்தான். அப்பொலிஸ் இத்தொடரில் இல்லை. துவக்கின்றி, பணிவோடு, செல்வரின் வாசலிலே மட்டும் காத்துநிற்கும் ஒரு பொலிஸ்காரனைக் கற்பனை செய்ததே இத்தொடரின் பெரும் பொய். நமது நாட்டிலே பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்து திரும்பிய எவருக்கும் இப்பொய்யின் பருமன் விளங்கும். ஆனால் கலையிலே ஒரு பொய் எதன்மீதான ஆசையிலிருந்து பிறக்கின்றது என்று கேட்பதும் விமர்சனத்தின் கடமை. நீதி கீழேயிருந்து மேலே நோக்கிச் செல்ல வேண்டும் என்ற ஆசை மக்களுடையது. விளம்பரதாரர் அதனைக் கண்டுபிடித்து விற்றனர் என்பதனால் ஆசை அவர்களுடையதாகிவிடாது.

1973இலே வெளிவந்த ஒரு கதையை விதந்து கூறல் வேண்டும். புகழ்பெற்ற இருதய சத்திர சிகிச்சையாளன் ஒருவன் ஆய்வொன்றின் பெருமை முழுவதையும் தனக்கே ஆக்கிக்கொள்ள விரும்பித் தன் மூத்த சகபாடியைக் கொல்லத் திட்டமிடுகின்றான். கத்தியால் அல்ல, இருதயத்தைத் தைக்கும்போது நிலையான நூலுக்குப் பதிலாகச் சில நாளிலே கரைந்துபோகும் நூலைப் பயன்படுத்துகின்றான். இதனை ஐயுற்றவர் உடனின்ற தாதி. நாள்தோறும் நூலைக் கையாளும் விரல்களுக்கு அதன் வேறுபாடு தெரிந்துவிட்டது. கொல்லப்படுபவரும் முதலில் அத்தாதியே. அடுத்ததாக, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவந்த ஓர் இளைஞன் மீது அப்பழி சுமத்தப்பட்டு, அவனும் சாகடிக்கப்படுகின்றான். எப்பொழுதும் பணிவாயிருக்கும் கொலம்போ, இவ்வைத்தியன் தன்னைப் பார்த்து நகைத்தபோது, மேசையிலிருந்த நீர்க்குடுவையை ஓங்கி அடித்துக் கோபித்தான். நாம் பார்த்த கதைகளிலே அவன் இவ்வாறு நிதானம் இழந்தது வேறெங்கும் நினைவில் இல்லை. படுக்கையிலே கிடந்து இக்காட்சியைப் பார்ப்பது ஒன்று; நாற்காலியிலிருந்து பார்ப்பது இன்னொன்று. எம் உடலைத் திறந்தவர் என்ன செய்தார் என்பதை அறியும் அறிவு எமக்கில்லை. அவ்வறிவு, சம்பளம் குறைந்த, பெயர் கேட்கப்படாத ஒரு தாதியின் விரல்நுனியிலே இருக்கின்றது. வைத்தியசாலை பற்றி நாம் வாசித்த பல யதார்த்தச் சிறுகதைகளைவிட இவ்வுண்மையை இக்கதை துலக்கமாகச் சொல்லிற்று என்று எழுதுவதில் எமக்குத் தயக்கம் இல்லை.

‘மாஷ்’ தொடரை எல்லாரும் புகழ்வர். எமக்கு அது பாதியே உவந்தது. கொரிய யுத்தகால இராணுவ வைத்தியசாலையொன்றின் கதை. யுத்தம் நடந்தது 1950 முதல் 1953 வரை மூன்றாண்டு. தொடர் நடந்ததோ 1972 முதல் 1983 வரை பதினொரு ஆண்டு. அதன் இறுதிப் பகுதியை அமெரிக்காவிலே 10 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர். தொடர் தொடங்கியபோது வியட்நாம் யுத்தம் முடிந்திருக்கவில்லை. கொரியா என்று பெயரிட்டு வியட்நாமைப் பேசியது அதன் துணிவு. ஆனால் யாருடைய மண்ணிலே யுத்தம் நடந்ததோ அக்கொரிய மக்கள் பெரும்பாலும் ஓரத்திலே, வேலையாளாகவோ அநாதையாகவோ வந்து மறைகின்றனர். யுத்தத்தை எதிர்க்கும் படைப்பும் யுத்தத்தின் பார்வைக் கோணத்தை விட்டு எளிதில் விலகுவதில்லை. யுத்தத்துக்குள்ளே பிறந்து வளர்ந்த நாம் இதனைச் சொல்லாமல் விட முடியாது. இதிலே செயற்கைச் சிரிப்பொலியும் உண்டு. தயாரித்தோர் அதனை விரும்பவில்லை. ஒளிபரப்பு நிறுவனம் வற்புறுத்திற்று. இறுதியிலே, சத்திர சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி சேர்ப்பதில்லை என்று உடன்பாடாயிற்று. பிரித்தானியாவிலே சிரிப்பொலி இன்றியே ஒளிபரப்பினர். எமக்குக் கிடைத்த பிரதியிலே சிரிப்பொலி இருந்தது. நடுநிசியிலே, அடுத்த அறையிலே வீட்டார் தூங்க, எவரென்று தெரியாத நூறுபேர் இயந்திரத்துக்குள்ளிருந்து சிரிப்பது போன்ற தனிமை வேறில்லை.

இன்னொன்றையும் படுத்திருந்தமையாலேயே கவனித்தோம். இத்தொடரிலே நோயாளிக்குப் பெயர் இருப்பது குறைவு. அவன் தூக்குப்படுக்கையிலே வருகின்றான், மயக்கமுறுகின்றான், போகின்றான். கமரா வைத்தியரோடேயே நிற்கின்றது. 1978இலே வெளிவந்த ஒரு பகுதி மட்டும் முற்றிலும் வேறானது. தொண்டையிலே காயமுற்றுப் பேச இயலாத போர்வீரன் ஒருவனின் கண்ணூடாகவே அது முழுவதும் காட்டப்படுகின்றது. வைத்தியர்களின் முகங்கள் மேலேயிருந்து குனிகின்றன, கேள்விகள் கேட்கப்படுகின்றன, விடை சொல்ல வாயில்லை. முகடும் முகமுமே நோயாளியின் உலகம் என்பதைக் கமராவின் இடத்தை மாற்றிய ஒரே செயலால் அது நிலைநாட்டிற்று. உருவம் உள்ளடக்கத்துக்குப் பகையென்று இன்றும் நம்பும் நண்பர்கள் அந்த 25 நிமிடத்தைப் பார்ப்பார்களாக.

‘மால்குடி டேய்ஸ்’ பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. ஆர். கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் இயக்கி 1986இலே தூரதர்ஷனிலே ஒளிபரப்பிய தொடர். மழை ஓயாத அகும்பே என்னும் கன்னட மலைக்கிராமமே அதிலே மால்குடியாயிற்று. சாதியின் கொடுமையைத் தொடாது தெருவின் இனிமையை மட்டும் காட்டும் கலை அது. அவ்வளவிலே அதன் எல்லையும் தெரிந்துவிடுகின்றது. எனினும் தபாற்காரன் கதையொன்று மனத்தை விட்டு நீங்கவில்லை. நெடுங்காலம் அத்தெருவுக்குக் கடிதம் கொடுத்துவரும் தபாற்காரன், மகளின் கல்யாணம் நின்றுவிடக்கூடாதென்று அவ்வீட்டுக்கு வந்த மரணச் செய்தியைக் கொடுக்காது வைத்துக்கொள்கின்றான். கடமை தவறிய ஊழியன் என்று சட்டம் கூறும். நோயாளியின் வீட்டிலே இத்தகைய தபாற்காரர் பலர் உளர். எமது பாடசாலையின் முதிய காவலாளி இறந்த செய்தி நான்கு மாதத்துக்குப் பின்னரே எமக்குத் தெரியவந்தது. கருணை எவ்விடத்திலே அதிகாரமாகின்றது என்னும் வினாவை நாராயண் எழுப்பவில்லை. அவர் புன்னகையோடு நிறுத்திக்கொள்வார். வினா அங்கே இருக்கின்றது.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். றேமன்ட் வில்லியம்ஸ் 1974இலே வெளியிட்ட தொலைக்காட்சி பற்றிய நூலிலே, தனித்தனி நிகழ்ச்சிகளையன்றி, நிகழ்ச்சியும் விளம்பரமும் முன்னோட்டமும் ஒன்றோடொன்று கலந்து ஓடும் இடையறா ஓட்டத்தையே ஒளிபரப்பின் இயல்பாகக் கண்டார். அட்லாண்டிக் கடலைக் கப்பலிலே கடந்த களைப்போடு மயாமி நகரிலே ஓரிரவு தொலைக்காட்சி பார்த்தபோதே இது அவருக்குப் புலனாயிற்று. ‘பென் ட்ரைவ்’விலே வந்த பழைய தொடரில் அந்த ஓட்டம் இல்லை. அதன் தழும்பு மட்டும் உண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, கதை ஒரு சிறு அதிர்ச்சியிலே நிற்கும், திரை ஒரு கணம் கறுக்கும், மீண்டும் தொடரும். விளம்பரம் இருந்த இடம் அது. கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இலே எழுதியவாறு, தொலைக்காட்சி நிறுவனம் விற்பது நிகழ்ச்சியை அன்று. பார்ப்போரையே பண்டமாக்கி விளம்பரதாரருக்கு விற்கின்றது. பார்ப்பவனின் ஓய்வுநேரமும் ஒருவகை உழைப்பாகின்றது. அவ்வாறாயின் அந்தக் கறுத்த கணத்திலே விளம்பரம் இன்றிக் கதையை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்த நோயாளி, விற்கப்படாத பார்வையாளன். உழைப்புச் சந்தையிலும் அவன் இல்லை, பார்வைச் சந்தையிலும் இல்லை. (யூரியூப்பிலே பார்த்தபோது நிலை வேறு, அங்கே முதுகுநோவுத் தைல விளம்பரங்கள் எம்மைத் தேடி வந்தன. எமது நோயை அவை எவ்வாறு அறிந்தன என்பது தனிக் கட்டுரைக்குரியது.) பழைய தொடரிலே நாம் உணர்ந்த அமைதியின் காரணம் கதையின் தரம் மட்டுமன்று என்பதை இதனாலேயே கூறுகின்றோம்.

ஆனால் இவ்வமைதிக்கு ஒரு விலை உண்டு. அதனை எமக்காக அரசாங்கம் கொடுத்தது. நாம் ஆசிரியர். மருத்துவ விடுமுறை உண்டு. மாதமுடிவிலே சம்பளம் வங்கிக்கு வந்தது. மாய மலையிலே போர்வை சுற்றிக் கிடந்தோரும் பணம் கட்டிக் கிடந்தவரே. நோயாளியின் பொழுது என்று பொதுப்படக் கூறுவது, மனிதனின் பொழுது என்று பொதுப்படக் கூறுவதைப் போலவே பிழையானது.

வாட்டிலே எமக்கு அடுத்த கட்டிலிற் கிடந்தவர் மேசன் வேலைக்குக் கையாளாகச் செல்லும் நாட்கூலி. எம் வயதினர். அதே நோய், அதே குளிசை. மூன்று பிள்ளைகள். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. எமது தொலைபேசியைக் கட்டில்களுக்கிடையே தண்ணீர்ப் போத்தலிலே சாய்த்து வைத்து இருவரும் ‘கொலம்போ’ பார்த்தோம். ஆங்கிலத்தை நாம் தமிழிலே சொல்லிக்கொண்டு வருவோம். மாளிகைகள் வரும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்தார். “சேர், உந்தப் பூச்சு ஒரு மாசத்து வேலை” என்பார். கொலைகாரனைவிட அவருக்குக் கொத்தனாரிலேயே அக்கறை. கொலம்போ மூன்றாம் முறையாகத் திரும்பிவந்து கதவைத் தட்டியபோது, “இந்தாளுக்கு நாட்சம்பளமோ, மாதச்சம்பளமோ?” என்று கேட்டார். மாதச்சம்பளம் என்றோம். “அதுதான் ஆறுதலாத் திரியுறார்” என்றார். நாம் மேலே பல பந்திகளில் எழுதிய வர்க்க ஆய்வு முழுவதும் அவ்வொரு வசனத்திலே அடங்கும்.

பத்தொன்பதாம் நாள் அவர் வைத்தியரின் சொல்லை மீறித் துண்டு வெட்டிக்கொண்டு போனார். சத்திர சிகிச்சையாளனின் கதை அன்று பாதியிலே நின்றிருந்தது. இரண்டு மாதத்தின் பின் ஒருநாள் தொலைபேசியிலே அழைத்து, அந்த வைத்தியன் பிடிபட்டானோ என்று கேட்டார். பிடிபட்டான் என்றோம். நூல் எங்கே கிடந்தது என்றார். கொலம்போவின் உடுப்புப் பைக்குள்ளேயே அவனுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்தான் என்றோம். நெடுநேரம் சிரித்தார். பின்னணியிலே சல்லி கொட்டும் ஓசை கேட்டது. இடுப்புக் கவசம் போடுகிறீர்களா என்று கேட்டோம்; அதைப் போட்டுக்கொண்டு குனிந்து சாந்து அள்ள முடியாது என்றார். குளிசை முடிந்து ஒன்பது நாளாயிற்று. எடுக்கப் போகவில்லையா என்றதற்கு, கிளினிக் புதன்கிழமை, சேர், புதன்கிழமை வேலைநாள் என்றார்.